சூசை போகாத நீச்சல் பரீட்சை

கடற்கரையில் பிறந்தவளுக்கு நீச்சல் தெரியாது என்றால் டெல்லியில் யார் நம்புவார்கள்? நானும் நம்பவில்லை. "தூத்துக்குடிப் பக்கம் பொறந்துட்டு நீச்சல் தெரியாதா? யாருகிட்ட கதை விடுற?" என்று சூசையம்மாளிடம் சண்டைக்கே போனேன். அவள் சிரித்தாள். அவர்கள் ஊரில் கடல் ஆண்களுக்கு மட்டும்தானாம். பெண்கள் கரையில் நின்று மீனைக் கூடையில் வாங்கிக்கொண்டு போவதோடு சரி. அவளுடைய அப்பா மீன்பிடிக்கப் போன வள்ளம் ஒருநாள் திரும்பவில்லை. அதற்குப் பிறகு முழங்கால் நனைந்தாலே அம்மா அடிப்பாளாம்.

சூசை எங்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் கீழ்வீடு. அரசாங்க டிஸ்பென்ஸரியில் நர்ஸ். இரண்டு தங்கைகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுப்பதற்குள் அவளுக்குக் கல்யாண வயது போய்விட்டது. காலனியில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவருவாள்.

தொண்ணூற்றாறு ஏப்ரலில் பக்கத்து நீச்சல்குளத்தை அந்த வருஷக் கோடைக்குத் திறந்ததும் என்னிடம் வந்தாள். "யக்கா, நாப்பது வயசாச்சு. ஒரு நாளாவது காலு தரையில படாம தண்ணியில கெடக்கணும்" என்றாள். என் மகள் வைஷ்ணவிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளும் வருவேன் என்று குதித்தாள். சரி, மூன்று பேருமே சேர்ந்துவிடுவோம் என்றேன்.

குளத்தில் சேர டாக்டர் சான்றிதழ் வேண்டும். தோல் வியாதி இல்லை, இதய நோய் இல்லை, வலிப்பு இல்லை என்று அதில் இருக்கும். காலனித் தமிழர்கள் யாரும் அதற்காக வரிசையில் நின்றதில்லை. வருஷா வருஷம் படிவங்களை சூசையிடம் கொடுத்துவிடுவார்கள். அவள் வீடு வீடாகக் கேட்டு நிரப்பி, டிஸ்பென்ஸரி டாக்டரிடம் மொத்தமாகக் கையெழுத்து வாங்கி வந்துவிடுவாள். என் வாசலிலும் நின்று கேட்டாள், பிள்ளைக்கு வலிப்பு உண்டா என்று. இல்லை என்றேன்.

உண்டு. எட்டு வயதிலிருந்தே உண்டு. வெளியில் தெரிந்தால் நாளைக்கு எவன் கட்டுவான் என்பது என் வீட்டுக்காரர் கலியமூர்த்தியின் பேச்சு. அவரை மட்டும் சொல்வானேன், எனக்கும் அதே புத்திதான். டிஸ்பென்ஸரிக்குப் போனால் தெரிந்துவிடும் என்று கரோல் பாகில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டி வந்தோம். மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தவள் நான்தான். சூசை நாலு பேரிடம் போய்ச் சொல்கிற ஆளா? அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சரோஜினி நகரில் பேரம் பேசி நீச்சல் உடை வாங்கினோம். அதைப் போட்டுக்கொண்டு வெளியே வரவே சூசைக்கு அரைமணி நேரம் பிடித்தது. நான் ஒரே வாரத்தில் போதுமடா சாமி என்று கரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் விடவில்லை. இரண்டு வாரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடித்தாள். பயிற்சியாளர் பஞ்சாபிப் பெண் திட்டினால் இன்னும் பலமாக அடிப்பாள். ஜூனில் கம்பியை விட்டாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் என்று எழுதிப் போட்டார்கள். நடுவில் நிற்காமல் ஒரு முழு நீளம் நீந்தினால் குளத்து அட்டையில் முத்திரை குத்தி, ஆழப் பக்கத்துக்கு விடுவார்கள். சூசை பெயர் கொடுத்தாள்.

அதற்கு முந்தைய புதன்கிழமை, குளத்துக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில், வைஷ்ணவிக்குக் காலை மாத்திரையைப் போகிற வழியில் கொடுக்கலாம் என்று அட்டையைப் பையில் போட்டவள் அப்படியே மறந்துவிட்டேன். இடுப்பளவுத் தண்ணீரில் அவள் முங்கியபோது விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். சூசைதான் பார்த்தாள். பாய்ந்து வந்து வெட்டி இழுக்கும் உடம்பைக் கட்டிப்பிடித்து, முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கியபடியே குளத்து லைஃப்கார்டு வரும்வரை நின்றாள். கரையில் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். எனக்குப் புத்தி பேதலித்துப்போய், பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன். அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சுற்றிலும் கூட்டம்.

"அத உள்ள வைங்க யக்கா" என்றாள்.

டிஸ்பென்ஸரியில் விசாரணை வைத்தார்கள். குழந்தைக்கு முன்பு இப்படி வந்ததுண்டா என்று அதிகாரி என்னைக் கேட்டார். இல்லை, இதுதான் முதல் தடவை என்றேன். சூசை எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். அந்த மாத்திரை அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். பிள்ளையை டாக்டரிடம் காட்டாமல் கையெழுத்து வாங்கியது தன் தப்பு என்று எழுதிக்கொடுத்துவிட்டாள். டெல்லியின் இன்னொரு கோடிக்கு மாற்றினார்கள். குளத்தின் அட்டையையும் பிடுங்கிக்கொண்டார்கள். தினமும் போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். மூன்று மாதத்தில் வீட்டையும் மாற்றிக்கொண்டு போனாள். டெம்போவில் சாமான் ஏற்றுவதை மாடியிலிருந்து பார்த்தேன். கீழே இறங்கிப் போக எனக்கு முகமில்லை.

பதினாறு வயதோடு வைஷ்ணவிக்கு வலிப்பு நின்றது. இரண்டாயிரத்து எட்டில் கல்யாணம். சூசைக்கும் பத்திரிகை எழுதினேன், அனுப்பவில்லை. மண்டபத்தில் யாரிடமாவது, பிள்ளைக்கு உடம்பு தேவலையா என்று கேட்டுவிட்டால்? அப்படியும் ஒரு பயம். த்தூ, நானெல்லாம் ஒரு மனுஷி.

அடுத்த வருஷம் அவளே வந்தாள். முழங்கால் இரண்டும் தேய்ந்து, விருப்ப ஓய்வு வாங்கிவிட்டாளாம், ஊரோடு போகிறாளாம். சர்ச்சில் யாரோ சொல்லிக் கல்யாணம் தெரிந்ததாம். வைஷ்ணவிக்கென்று வெள்ளிக் குங்குமச் சிமிழ் வாங்கி வந்திருந்தாள். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கவே இல்லை. நான்தான் உடைந்துபோய் அழுதேன். உன் வேலையை, உன் பெயரை எல்லாம் கெடுத்தவள் நான் என்றேன்.

"பிள்ள நல்லா இருக்கால்லா, அது போதும்" என்றாள்.

காப்பி குடித்துவிட்டு எழுந்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல், ஊருக்குப் போய் நீந்துவாயா என்று கேட்டுவைத்தேன்.

வாசற்படியில் நின்றாள். "எங்க யக்கா, இந்தக் காலை வச்சிக்கிட்டு? பாதியில விட்டதுதான" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கு புதன்கிழமை. ஞாயித்துக்கெழமை டெஸ்டு. நாலு நாளுதான் இருந்துச்சு."

சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். இந்தத் தடவை நான் கீழே வரை போய் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.