ஊமைக் கட்டை

மாலை நான்கு பத்துக்கு ஓட்டலிலிருந்து போன் வந்தது. அண்ணன் பியானோவுக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டார், மூச்சு இல்லை என்றார் மேனேஜர். தங்கை திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளில் சிவப்புப் பேனா பாதியில் நின்றது.

அந்த ஓட்டல் கூடத்தில் பன்னிரண்டு வருடம் ஜாஸ் வாசித்தவர் அவர். தெரிந்த மெட்டை எடுத்து அன்றைக்குத் தோன்றுகிற வழியில் கொண்டுபோவார். நேற்று வாசித்தது இன்று வராது. அதனாலேயே அவளுக்கு ஒரே அரிப்பு: ஒரு தடவையாவது பதிவு செய்துவிட வேண்டும். ஓட்டலிலேயே செய்யலாமென்றால், "அந்த ஊமையில வாசிச்சதா என் பேரைச் சொல்லணும்?" என்பார்.

பியானோவின் நடுவிலிருந்து இடப்பக்கம் மூன்றாவது கறுப்புக் கட்டை ஊமை. உள்ளே கம்பியைத் தட்டும் சுத்தியலின் காம்பு ஒடிந்திருந்தது. எப்போது கேட்டாலும் மேனேஜரிடம் ஒரே பதில்.

"சாப்பிட வர்றவங்க யாருங்க கட்டையை எண்ணுறாங்க? அடுத்த மாசம் பாக்கலாம்."

அந்த அடுத்த மாசம் வரவேயில்லை. அண்ணனும் அந்தக் கட்டையைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்.

போன வருடம் அவள் ஒற்றைக்காலில் நின்று ஸ்டூடியோ பிடித்தாள். நல்ல பியானோ, எல்லாக் கட்டையும் பேசியது. ஆனால் அந்த இடம் வந்ததும் அண்ணன் விரல் தானாகத் தாண்டியது. மறுபடி வாசித்தார், மறுபடியும் தாண்டியது. வலிய அதைப் பிடித்தால் மற்றதெல்லாம் குளறியது. மூன்று மணி நேரம் கழித்து, "அழிச்சிடுங்க சார்" என்று எழுந்துவிட்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பல்லு விழுந்தது அங்க இருக்கிற பியானோவுக்கு. இங்க வந்தும் நீங்க ஏண்ணா பொக்கை வாயாச் சிரிக்கிறீங்க?"

"சிரிச்சுச் சிரிச்சுப் பழகிட்டேன்மா. முதல்ல ஓட்டல் கட்டை பேசட்டும். ஆறு மாசத்துல விரலைத் திருத்திடுறேன். அப்புறம் நீயே கூட்டிட்டு வா."

நானே பழுது பார்க்கிறேன் என்று அண்ணன் மேனேஜரிடம் கேட்டார். "உடைஞ்சா யார் பொறுப்பு?" என்று அதையும் எட்டு மாதம் இழுத்தடித்தார் மேனேஜர்.

போன் வந்த அன்று அவள் ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணனைக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். பியானோவின் முன்பலகை கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தது.

மேனேஜர் கையைப் பிசைந்தார். "இன்னிக்குத்தாங்க சரின்னு சொன்னேன்."

அவள் பியானோ பக்கம் போனாள். பெஞ்சின் மேல் அண்ணன் சீவி வைத்த புதுக் காம்பு கிடந்தது. பக்கத்தில் பசைக் குழாய். அதன் மூடி திறக்கப்படவில்லை.