பொனட் விளிம்பு

மாமா கட்டாரிலிருந்து திரும்பியபோது பெட்டியில் சாக்லேட்டைவிடக் கூடுதலாக இருந்தவை வாகனப் பெயின்ற் தேய்க்கிற பேட்கள்தான். உள்ளங்கை அகலம், பின்பக்கம் பஞ்சு, முன்பக்கம் துணி மாதிரி மெத்தென்று இருக்கும். இதால் வாகனத்தைத் தேய்ப்பதாவது என்று அம்மா சிரித்தார்.

அம்மாவின் ஒரே தம்பி அவர். இளமை முழுவதையும் அந்நிய ஊர்க் கார்களுக்குப் பூசிவிட்டு, இனிமேல் போவதில்லை என்று அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டு, பழுகாமத்தில் வாவியைப் பார்த்தபடி கிடந்த எங்கள் வளவுக்குள் தகரம் போட்டு ஒரு கராஜ் தொடங்கினார். பாசிக்குடா ஹோட்டல் ஒன்று, புதுசாகப் பெயின்ற் அடித்துத் தரச்சொல்லித் தன் கருநீல வான் வண்டி ஒன்றை அனுப்பியது. இந்த வேலை பிடித்துப்போனால் அவர்களுடைய மற்ற வான்களும் வரும். பிடிக்காவிட்டால் மாமா மறுபடியும் விமானம் ஏற வேண்டியதுதான். அந்த வானை நாங்கள் கல்யாணப் பெண்ணைப் போல வெயில் படாமல் பார்த்துக்கொண்டோம்.

பெயின்ற் அடித்துக் காய்ந்ததும் அதன்மேல் தோடம்பழத் தோல் மாதிரி ஒரு சொரசொரப்பு நிற்கும், தூசியும் ஒட்டியிருக்கும். சவர்க்காரத் தண்ணீர் விட்டு, பேட்டால் பூப்போலத் தேய்த்து அதை எடுக்க வேண்டும். தேய்த்த இடம் மங்கிப்போகும். பிறகு பொலிஷ் போட்டால் முகம் பார்க்கலாம். எங்கே நிறுத்துவது என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. அதைக் கண் சொல்லாது, கைதான் சொல்லும் என்பார் மாமா. அந்தக் கை என்னுடையது.

"இஞ்ச வா புள்ள, தடவிப் பாத்துச் சொல்லு. எங்கயும் நெருடுதா?"

"இதில நெருடுது மாமா."

இன்னும் கொஞ்சம் தேய்ப்பார். "இப்ப?"

"இப்ப வழுவழுண்டு இருக்கு."

உடனே நிறுத்திவிடுவார். ஐந்தாம் ஆண்டு படிக்கிற பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் இல்லாமல் மாமாவுக்கு ஒரு வேலையும் ஓடாது என்று தலைகால் புரியாமல் திரிந்தேன். மருமகளுக்குச் செல்லம் கொடுக்கிறார் என்றுதான் அம்மாவும் நினைத்தார்.

பொனட் மட்டும் மிச்சமிருந்த நாளில் கண்ணகி அம்மன் கோயில் சடங்கு வந்தது. பொங்கல் பானையோடு அம்மாவும் நானும் காலையிலேயே போய்விட்டோம். பின்னேரம் வான் போக வேண்டும். மாமா எங்கள் வழியைப் பார்த்துப் பார்த்து இருந்துவிட்டுத் தனியாகவே தேய்த்திருக்கிறார். பொனட்டின் விளிம்பில் பெயின்ற் மெல்லிசாகத்தான் நிற்கும். நுரைக்குள் கண்ணுக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. நாங்கள் வந்து சேர்ந்தபோது விளிம்பு நெடுக நீலம் கழன்று, அடிப்பூச்சின் சாம்பல் நிறம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஹோட்டல் சாரதியும் வந்துவிட்டான். "என்னண்ணே இது? புதுசாக்கித் தாங்க எண்டா கிழடாக்கி வெச்சிருக்கீங்க!"

"ஒரு நாள் தாங்க தம்பி. திருப்பி அடிச்சுத் தாறன்."

"நாளைக்கு வெள்ளைக்காரனுகள் வாறானுகள், அண்ணே. நான் மெனேஜருக்கு என்னத்தச் சொல்ற?"

சொல்லவேண்டியதைப் போனில் சொல்லிவிட்டு வானை எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு எங்கள் வளவுக்குள் ஒரு வானும் வரவில்லை.

மாமா வாங்குப் பலகையில் போய்க் குந்தினார். அடுப்பிலிருந்து இறக்கிய தேத்தண்ணியைச் சில்வர் கப்பில் ஊற்றி, சேலைத் தலைப்பால் பிடித்துக் கொண்டுவந்து நீட்டினார் அம்மா. மாமா அதை வெறும் கையால் முழுதாகப் பொத்திப் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார். அம்மாவின் முகம் மாறியது.

"சுடல்லயாடா தம்பி?"

"விரலெல்லாம் செத்துப் போச்சக்கா. அங்க அந்தப் பெயின்ற் கரைக்கிற தின்னருக்க வெறுங்கையோட கிடந்து கிடந்து... கன காலம் ஆச்சு. புள்ளைட கையாலதான் சமாளிச்சன்."

அம்மா கப்பைப் பறித்துக் கீழே வைத்துவிட்டு, அவருடைய கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். எனக்கு அம்மாவின்மேல் எரிச்சலாக வந்தது. இவ்வளவு பெரிய வீரம் ஒன்றைக் கண்டுவிட்டு யாராவது அழுவார்களா?

அடுத்த நாள் வகுப்பெல்லாம் என் மாமாவின் கதைதான். நம்பாத இரண்டு கூட்டாளிகளைப் பள்ளி விட்டதும் கையோடு கூட்டிவந்து, இன்னொருக்காப் பிடித்துக்காட்டச் சொல்லி மாமாவிடம் அடம்பிடித்தேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய், ஆவி பறக்கிற கப்பைக் கையில் பொத்திக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றார். நாங்கள் மூன்று பேரும் கை தட்டினோம்.