தேருக்கு அவிழ்த்த வயர்

பாலிடெக்னிக்கில் நெட்வொர்க் பாடம் நடத்திய காலத்தில் பஸ்ஸைத்தான் உதாரணம் சொல்வேன். திருவேங்கடத்திலிருந்து சென்னைக்கு ஒரு பார்சல் போகிறது. சங்கரன்கோவிலில் பஸ் மாறும், மதுரையில் இன்னொரு முறை மாறும். பஸ் போர்டில் உள்ள ஊர் கீழ் அடுக்கு முகவரி, அது அடுத்த பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான். பார்சல் மேல் எழுதிய சென்னை முகவரி கடைசிவரை மாறாது. நெட்வொர்க்கில் இப்படி ஏழு அடுக்கு. கோளாறு என்றால் அடியில் வயரிலிருந்து பார்த்துக்கொண்டே மேலே வா என்பேன். என் மகனும் அப்படிப் படித்தவன்தான். இப்போது கனடாவில் அதே வேலை.

அவன் அம்மா இறந்த பிறகு வீடு முழுக்கக் கேமரா மாட்டிவிட்டுப் போனான். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாறாத முகவரி. நான் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருப்பான். "நீயா ஒரு போன் பண்ணக் கூடாதாலே?" என்று கேட்டேன். "தினமும் உங்களப் பாத்துக்கிட்டுத்தானப்பா இருக்கேன்" என்றான். பார்ப்பதும் பேசுவதும் ஒன்றா? எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆடித்தபசுத் தேரன்று சங்கரன்கோவிலில் எங்கள் ரத வீதியில் குறுக்கே ஓடும் வயர்களை அவிழ்த்துவிடுவார்கள். இன்டர்நெட் போய்விடும். உடனே செல்போன் அடிக்கும்.

"அப்பா, கேமரா எல்லாம் போயிட்டு. கேபிளப் பாருங்க."

"தேர் வருதுல்லா, வயர அவுத்துட்டாங்க."

"ரவுட்டர்ல லைட் எரியுதா?"

காரணம் தெரிந்தும் ஒவ்வொரு அடுக்காக, முடிந்தவரை மெதுவாகப் பார்த்துச் சொல்வேன். "அங்கன மழையா மக்கா? சாப்பிட்டியா?" என்று நடுநடுவே கேட்டுக்கொள்வேன். பேத்திக்குப் பல் விழுந்ததெல்லாம் அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. வீதியே சாமி பார்க்கக் கைகூப்பி நிற்கும். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பேன். வருடத்தில் எனக்கு நல்ல நாள் அதுதான்.

இந்த வருடம் தேருக்கு முன்பே கூரியரில் ஒரு பெட்டி வந்தது. சிம் போட்ட ரவுட்டர். வயர் அறுந்தால் இணைப்பு தானாக அதற்கு மாறிவிடும். 'இனி உங்களுக்குத் தொந்தரவே இல்லப்பா' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். நானே மாட்டினேன். என் மாணவன் யாராவது செய்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன்.

தேர் வந்தது. வயர்களை அவிழ்த்தார்கள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். தேர் மூலை திரும்பியது, வயர்களைத் திரும்பக் கட்டினார்கள். போன் அடிக்கவே இல்லை.

உள்ளே வந்தேன். எல்லாக் கேமராவிலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூடத்துக் கேமராவை அண்ணாந்து பார்த்து, "சாப்பிட்டியா மக்கா?" என்று கேட்டேன். அதில் படம் மட்டும்தான் போகும்.