முகமூடி மாட்டும் நேரம்

எங்கள் தீயணைப்பு நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் பாதி ஆட்டுக்காக வருபவை. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் கிடக்கும் இந்தக் காய்ந்த பூமியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் தண்ணீர் இல்லாத கிணற்றுக்குப் பஞ்சம் வராது. மேய்கிற ஆடு ஓரத்துப் புல்லுக்கு ஆசைப்பட்டு எட்டும், விழும், நாங்கள் கயிறும் வலையுமாகப் போய் நிற்போம். மிச்சப் பாதியில் சீமைக்கருவேலங்காடு எரியும், வைக்கோல் படப்பு எரியும், யார் வீட்டிலாவது அரிசி மூட்டைக்குப் பின்னால் பாம்பு இருக்கும். எல்லாம் வெட்டவெளி வேலை. புகை பாட்டுக்கு வானத்துக்குப் போய்விடும்.

அதனால் மூச்சுக்கருவி, அதாவது நாங்கள் பி.ஏ. செட் என்று சொல்கிற சிலிண்டரும் முகமூடியும், பெரும்பாலும் வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியிலேயே உட்கார்ந்திருக்கும். அதற்காக அதை நாங்கள் மறந்துவிடுவதில்லை. அடிக்கடி எடுத்துத் துடைப்போம், காற்று இருக்கிறதா என்று பார்ப்போம், ஒருவருக்கொருவர் போட்டி வைத்து மாட்டிப் பழகுவோம்.

சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் யாராவது ஒரு பெரிய மனிதர் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். "ஏம்ப்பா, அம்புட்டையும் மாட்டிக்கிட்டு நீங்க கெளம்புறதுக்குள்ள உள்ள கெடக்குறவன் போய்ச் சேந்துருவானே?" கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும் சுபாவம். இலையில் கையை வைத்துக்கொண்டே பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவேன்.

சிலிண்டரை முதுகில் ஏற்றி, தோள்வாரையும் இடுப்புவாரையும் இழுத்துக் கட்ட வேண்டும். வால்வைத் திறந்து, காற்றின் அளவைக் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தாடையை முதலில் முகமூடிக்குள் கொடுத்துத் தலைவார்களை இழுக்க வேண்டும். பிறகு காற்று வரும் வழியை உள்ளங்கையால் அடைத்து மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். முகமூடி முகத்தோடு ஒட்டிக்கொண்டால் கசிவு இல்லை என்று அர்த்தம். பழகிய கைக்கு ஒரு நிமிடம், அவ்வளவுதான். அதையும்விட வேகம் காட்டுகிறேன் என்று இறங்கினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். மீசை முடி ஓரத்தில் சிக்கினால்கூடக் கசியும். அப்படிப் போகிறவன் உள்ளே கிடப்பவனுக்குத் துணையாகப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். புகை, வாயு என்று அழைப்பிலேயே தெரிந்தால் வண்டியிலேயே மாட்டிக்கொண்டு இறங்குவோம். இத்தனையும் சொல்லி முடிப்பதற்குள் ரசம் வந்துவிடும், கேட்டவர் கவனம் அதில் போய்விடும்.

இப்போது யாராவது கேட்டால் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன்.

அன்றைக்கு வந்த அழைப்பு, கிணற்றில் ஆள் விழுந்துவிட்டார் என்பதுதான். பரளச்சிக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு ஊர். நல்ல வெயில் ஏறிய முற்பகல். விழுந்த ஆள் என்றால் கயிறு, வலை, கட்டித் தூக்கக் கட்டில். வண்டியில் போகும்போதே கயிற்றை உருவி முடிச்சுப் போட்டுத் தயாராக வைத்துக்கொண்டேன். கரிசல் காட்டுப் பாதையில் வண்டி குலுங்கிக்கொண்டு போனது. அழைத்தவர் சொன்னதை நம்பித்தானே போக முடியும்?

கிணற்று மேட்டில் இறங்கியதும் எனக்கு டீசல் வாடை அடித்தது. எட்டிப் பார்த்தேன். பாதி ஆழத்தில் கல்லடுக்கி ஒரு மேடை கட்டியிருந்தார்கள். அதன்மேல் டீசல் எஞ்சின். அதன் பக்கத்தில் ஒரு மனிதர் குப்புறக் கிடந்தார். கையருகே கேன் சாய்ந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் இதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் கீழே போகப் போக, மேலே வைத்த எஞ்சினால் இழுக்க முடியாது. அதனால் எஞ்சினையே கிணற்றுக்குள் இறக்கிவிடுவார்கள். புகை வெளியேற ஒரு குழாயை ஒட்டுப்போட்டு மேல்வரைக்கும் ஏற்றியிருப்பார்கள். அந்தக் கிணற்றில் அந்த ஒட்டு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து எஞ்சின் ஓடிய புகை முழுவதும் கிணற்றுக்குள்ளேயே நின்றிருக்கிறது. டீசல் தீர்ந்து எஞ்சின் நின்றதும், கேனை எடுத்துக்கொண்டு அவர் இறங்கியிருக்கிறார். மிளகாய்ச் செடி வாடிக்கொண்டிருந்தது, பாவம். அவர் விழவே இல்லை. இறங்கிய இடத்தில் மயங்கிச் சாய்ந்திருக்கிறார்.

அந்த நேரத்தில்தான் கூடியிருந்த ஊர்க்காரர்கள் ஒரு வாளியைக் கயிற்றில் மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். வாளிக்குள் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பாழுங்கிணற்றில் இறங்கும் முன் நெருப்பை இறக்கிப் பார்ப்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். நெருப்பு அணைந்தால் இறங்கக் கூடாது, அணையாவிட்டால் இறங்கலாம். பழைய கிணற்றுக்கு அது சரி. எஞ்சின் புகையில் இருக்கும் விஷவாயு நெருப்பை அணைக்காது. அது நின்ற கிணற்றில் நெருப்பு சமர்த்தாக எரியும், மனிதன்தான் அணைந்து போவான். அந்த வித்தியாசம் அங்கே யாருக்கும் தெரியவில்லை.

"கப்பூரம் எரியுது சார். உள்ள காத்து இருக்கு, தைரியமா எறங்குங்க" என்றார் கயிற்றைப் பிடித்திருந்தவர்.

எங்கள் அதிகாரி ஒரே வார்த்தைதான் சொன்னார். "செட்டு."

நானும் என் கூட்டாளியும் பெட்டிக்கு ஓடினோம். அதிகாரியும் டிரைவரும் மறுபக்கம் நின்று கயிறு கட்டிக்கொண்டே, "யாரும் எறங்கக் கூடாது, வெஷக் காத்து இருக்கு, தள்ளுங்கப்பா" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். யார் தள்ளினார்கள்? பாதிப் பேர் கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மிச்சப் பேர் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். "உயிர் போய்க்கிட்டு இருக்கு, இவுக சிங்காரிச்சுக்கிட்டு நிக்கிறாக பாரு" என்று ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. சிலிண்டரை முதுகில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பதில் சொல்ல வாய் துடித்தது. இடுப்புவாரை இழுத்துக் கட்டினேன்.

ஒரு பெண் மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே கிடப்பவருடைய மனைவி என்று கேட்காமலே தெரிந்தது. அவள் பக்கத்தில் ஓர் இளைஞன் நின்றிருந்தான். அவளுடைய தம்பி. பந்தல்குடியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், செய்தி கேட்டு எங்களுக்குச் சற்று முன்னால்தான் வந்திருந்தான். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது நீலச் சட்டை போட்ட ஒருவன், அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு எங்களையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதுதான்.

"யாராச்சும் எறங்குங்களேன்யா! அவுக கெடக்குறாகளே! யாராச்சும் எறங்குங்களேன்!" என்று அவள் அலறினாள்.

நான் முகமூடிக்குள் தாடையைக் கொடுத்துத் தலைவாரை இழுத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், நீலச் சட்டை அக்காவை விட்டுவிட்டுக் கிணற்றுப் படிக்கல்லில் கால் வைக்கிறான். கத்தினேன். "ஏலே, வேண்டாம்! எறங்காத!" என் சத்தம் முகமூடிக்குள்ளேயே சுற்றி என் காதிலேயே அடித்தது. வெளியே அது யாருக்கும் கேட்கவில்லை. அதிகாரி பார்த்துவிட்டு ஓடிவந்தார். அவர் கை எட்டும் தூரத்தைத் தாண்டி அவன் இறங்கிவிட்டான். அத்தனை வேகம். சின்ன வயதிலிருந்து கிணற்றில் ஏறி இறங்கிப் பழகிய கால் அது.

உள்ளங்கையை வைத்து மூச்சை இழுத்தேன். முகமூடி ஒட்டியது. கூட்டாளிக்கும் சரியாக இருந்தது. ஓரத்துக்கு வந்து பார்த்தபோது அவன் மச்சானின் கைகளுக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருமுறை தூக்கினான். பிறகு களைத்துப்போனவன் உட்காருவதுபோல் எஞ்சின்மேல் சாய்ந்து உட்கார்ந்தான். மேலே நின்றவர்களுக்கு அவன் இளைப்பாறுகிறான் என்றுகூடத் தோன்றியிருக்கும்.

இறங்கினோம். முதலில் அவனைத்தான் கட்டித் தூக்கினோம். மற்றவரைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது, அங்கே அவசரப்பட ஒன்றும் இல்லை. இவனுக்கு நாடி இருந்தது. மேலே கொண்டுவந்து ஆக்ஸிஜன் வைத்து 108-இல் ஏற்றியபோது மூச்சும் இருந்தது. எனக்கு அப்போது ஒரே ஒரு எண்ணம்தான். இவன் பிழைத்துவிட வேண்டும். அந்த அக்காவுக்கு இரண்டில் ஒன்றாவது மிஞ்ச வேண்டும்.

மதுரைக்குக் கொண்டுபோனார்கள். நான் ஆம்புலன்ஸ் டிரைவருக்குப் போன் போட்டுப் போட்டுக் கேட்டேன். "அப்பிடியேதான்ணே இருக்காரு" என்பார். நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. அந்த நாட்களில் டூட்டிக்குப் போகும்போது வழியில் இருக்கும் முனியாண்டி கோயிலில் வண்டியை நிறுத்தி நின்றிருக்கிறேன். ஒரு நாள் காலையில் அந்த டிரைவரே கூப்பிட்டார். அவர் பேர் திரையில் தெரிந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. எடுக்க மனம் வரவில்லை.

யாரும் எங்களைக் குறை சொல்லவில்லை. அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "செய்யவேண்டியதத்தான செஞ்சோம்" என்றார். உண்மைதான். மாட்டாமல் இறங்கியிருந்தால் நானும் என் கூட்டாளியும் அவர்களோடு கிடந்திருப்போம். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் பழகும்போது அந்த முகமூடியை மாட்டினால் நீலச் சட்டை படிக்கல்லில் கால் வைப்பதுதான் கண்ணாடிக்கு அப்பால் தெரிகிறது. மனசு ஆறவில்லை. அது ஆறும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

அந்த வருடம் மழை பெய்து நின்ற பிறகு, பரளச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் செயல்விளக்கம் காட்டப் போனோம். சமையல் சிலிண்டர் தீப்பிடித்தால் ஈரச்சாக்கைப் போடுவது, வாளி மணல், கடைசியாக மூச்சுக்கருவி. பிள்ளைகளுக்கு அதுதான் வேடிக்கை. நான் மாட்ட ஆரம்பித்ததும் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஒன்று, இரண்டு என்று பள்ளிக்கூடமே கூவுகிறது. நான் உள்ளங்கையை வைத்து மூச்சை இழுத்துப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியபோது அவர்கள் அறுபதைத் தொட்டிருக்கவில்லை. கைதட்டல் தாங்கவில்லை. சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்று, "யானை மாதிரி இருக்கு!" என்று கத்தியது. முகமூடிக்குள் நானும் சிரித்தேன்.

கழற்றிக்கொண்டு திரும்பும்போதுதான் சத்துணவுக் கூடத்து வாசலில் நீலச் சட்டையின் அக்கா நிற்பதைப் பார்த்தேன். அங்கே சமையலுக்கு உதவியாக இருக்கிறாளாம். கையில் கழுவிய தட்டுகள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள் என்பது அவள் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். உண்மையைச் சொன்னால், திட்டினால் நன்றாக இருக்கும் என்றே இருந்தது.

அவள் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு மெல்ல வந்தாள். என் கையில் இருந்த முகமூடியைப் பார்த்தாள்.

"அண்ணே, அன்னைக்கு மாட்டுனதும் இதேதானா?"

"ஆமாம்மா."

"அன்னைக்கும் இம்புட்டு நேரந்தான் ஆச்சா? இன்னைக்குப் பிள்ளைகளுக்காக வெரசா மாட்டுனீகளா?"

"இல்லம்மா. அன்னைக்கும் இதே நேரந்தான்."

பிள்ளைகள் பின்னால் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"எனக்கு அன்னைக்கு ஒரு பொழுதே போன மாதிரி இருந்துச்சுண்ணே. இம்புட்டுத்தான்னு யாராச்சும் சொல்லியிருந்தா, எந்தம்பி சட்டையப் பிடிச்சு நிறுத்தி வச்சிருப்பேனே. என் கைக்குள்ளதானே நின்னான்."