அண்ணன் மேலே, தம்பி கீழே

திருடப் போன வீட்டில் தன் விசிட்டிங் கார்டை வைத்துவிட்டு வருகிறவனை என்னவென்று சொல்வது? நான் அந்த ரகம். செஞ்சியில் ஒரு பைக் ஷோரூமில் பகல் முழுக்க வண்டிப் பதிவு விவரங்களை டைப் அடிப்பது என் உத்தியோகம். இங்கே வேலை பார்க்கிறவன் வெளியே வேறு தொழில் பார்க்கக் கூடாது என்று, சேர்ந்த அன்றைக்கே மேனேஜர் சொல்லிவிட்டார். நான் வீட்டில் உட்கார்ந்து ரகசியமாக வெப்சைட் செய்து கொடுக்கும் தொழிலைத் தொடங்கினேன். தொடங்கிய கையோடு, செய்த முதல் வெப்சைட்டின் அடியில் என் பெயரையும் செல் நம்பரையும் போட்டு வைத்தேன். பின்னே, விளம்பரம் வேண்டாமா?

என் மனைவிக்கு இந்தத் தொழிலின் மீது பெரிய மரியாதை இல்லை. "உன் கம்பெனிக்கு ஒரே ஒரு கஸ்டமரு. வீட்டுல உல கொதிக்கிறது ஷோரூம் சம்பளத்துல. அத்த மட்டும் கோட்ட உட்டுடாத" என்றாள்.

அந்த ஒரே கஸ்டமர் இரண்டு பேர். அண்ணன் தம்பி. பந்தல், பாத்திரம், சவுண்ட் சர்வீஸ் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர்கள். அனந்தபுரத்தில் இன்னொரு பந்தல்காரர் வெப்சைட் போட்டுவிட்ட வயிற்றெரிச்சலில் என்னைத் தேடி வந்தார்கள். தொழில் விவரம் கொடுங்கள் என்று கேட்டேன். கடை வாசலில் தொங்கிய ஃப்ளெக்ஸ் பேனரின் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை அப்படியே நெட்டில் ஏற்றிவிடச் சொன்னார்கள். இடது பக்கம் அண்ணன், வலது பக்கம் தம்பி, இரண்டு பேரும் வெள்ளைச் சட்டை, இரண்டு பேர் காதிலும் போன், பின்னால் கோட்டை. தொழில் என்னவென்பது கீழே ஒரு மூலையில் இருந்தது. படங்களைத் தனித்தனியாக வெட்டி எடுத்து, அதே வரிசையில் வைத்தேன். வெப்சைட்டில் கொஞ்சம் காலி இடம் விட்டால் அழகு என்று நான் யூடியூப் பார்த்துக் கற்றிருந்தேன். காலி இடத்தைப் பார்த்ததும் அவர்களுக்கு ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ் ஞாபகம் வந்தது. அதையும் வைத்தேன்.

கம்ப்யூட்டரில் பார்த்தபோது இருவருக்கும் திருப்தி. வினை போனில் இருந்தது. போனின் அகலத்தில் இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில் நிற்காது. ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கிவிடும். எல்லா வெப்சைட்டும் அப்படித்தான். அதைத் தம்பிக்கு யார் சொல்வது?

நான்தான் சொன்னேன். ஷோரூமின் வாட்டர் வாஷ் ஷெட்டில் நின்றுகொண்டு போனில் சொன்னேன். அங்கே பம்ப் ஓடும் சத்தத்தில் நான் பேசுவது மேனேஜருக்குக் கேட்காது. அவர்கள் பேசுவது எனக்கும் கேட்காது. ஆனால் இது நன்றாகவே கேட்டது:

"இன்னாப்பா, எங்க அண்ணன் என் தல மேல நிக்கிறாரு?"

போனைப் படுக்க வைத்துப் பார்த்தால் சரியாகிவிடும் என்றேன்.

"அவலூர்பேட்டையில ஒருத்தன் பாப்பான். நீ போயி அவன் போன படுக்க வப்பியா?"

நியாயமான கேள்வி. அன்றைக்கே தம்பியை மேலே ஏற்றினேன். மறுநாள் அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் கோபப்படவில்லை. நைனா போன பிறகு வீட்டில் பெரியவன் யார் என்று மட்டும், எனக்கு என்னவோ தெரியும் என்பது போல, சாந்தமாகக் கேட்டார். மறுபடி அவரை மேலே ஏற்றினேன். மறுபடி தம்பி. பகலில் ஷெட்டுக்கும் சீட்டுக்குமாக நடந்து, என் பேன்ட் முழங்கால் வரை எப்போதும் ஈரம். ஒரு தடவை வண்டியின் சேஸ் நம்பர் அடிக்க வேண்டிய கட்டத்தில் பந்தல் என்று அடித்து வைத்திருந்தேன்.

அப்புறம்தான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் யார் மேலே வருவது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல அதுவே முடிவு செய்துகொள்ளும்படி நாலு வரி எழுதினேன். செஞ்சியில் இப்படி ஒரு தீர்வை வேறு எவனாலும் யோசிக்க முடியாது என்று மனைவியிடம் பெருமை வேறு. அண்ணன் தம்பி இருவரும் குடோனில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே நேரத்தில் திறந்து பார்த்தார்கள். அவர் போனில் இவர் மேலே. இவர் போனில் அவர் மேலே.

அன்று என்னை இருவருமே கூப்பிடவில்லை. தொல்லை தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் மேனேஜர் கண்ணாடி ரூமுக்கு வரச் சொன்னார். மேஜை மேல் அவருடைய போன். அதில் என் வெப்சைட்.

"நேத்து மச்சானுங்க ரெண்டு பேரும் வூட்டுக்கு வந்தாங்க" என்று ஆரம்பித்தார்.

எந்த மச்சான் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பந்தல்காரர்களின் தங்கையைக் கட்டியவர் எங்கள் மேனேஜர். இது பஸ் ஸ்டாண்ட் டீ மாஸ்டர் வரைக்கும் தெரிந்த சங்கதி, எனக்குத்தான் தெரியாது. அண்ணன் தம்பிக்குள் தகராறு என்றால் பஞ்சாயத்துக்கு அந்த வீட்டு மாப்பிள்ளையிடம்தானே போவார்கள்? போயிருக்கிறார்கள். மேனேஜரின் விரல் மெதுவாகப் பக்கத்தின் அடிக்கு இறங்கியது. அங்கே நான், செல் நம்பரோடு.

அவர் கேட்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆபீஸ் நேரத்தில் தொட்டதே இல்லை என்றேன். ஈரப் பேன்ட்டை மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டு அதைச் சொன்னேன். பொழுதுபோக்குக்குச் செய்தது, இன்றைக்கே இழுத்து மூடிவிடுகிறேன், வேலையில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள் என்றேன். அவர் பக்கத்தை மேலேயும் கீழேயும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அண்ணன், தம்பி, ஸ்பீக்கர் பாக்ஸ், கோட்டை. மறுபடி அண்ணன், தம்பி.

பிறகு போனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"என் படம் எங்கய்யா?"