பகல் டூட்டி கேட்ட நாள்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், குறுவை அறுப்புச் சமயம். தஞ்சாவூருக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில் நான் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கமெல்லாம் அப்போது கூலித் தகராறு. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை வைத்து அறுக்கப் பார்த்தார்கள். உள்ளூர் ஆட்கள் கொடியோடு வரப்பில் மறித்து நின்றார்கள். நடுவில் போலீஸ் வேன் நின்றது.

என் அப்பாவும் அம்மாவும் பண்ணை வேலைக்காரர்கள். குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். வேலையில் சேர்ந்ததிலிருந்து இரவு டூட்டியையே கேட்டு வாங்கிக்கொண்டேன். பகலில் பார்வையாளர்கள் வருவார்கள். அப்பா வேலை பார்க்கும் மிராசுதார் வீட்டு ஆட்களும் வருவார்கள். வெள்ளைச் சட்டையோடு நிற்கும் என்னை, "நீ யாரு மவன்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டால்? அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் இருட்டில் வேலை செய்தேன்.

அதற்கு விலையும் கொடுத்தேன். ஊரே விழித்திருக்கும்போது, ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டு வாடகை அறையில் தூங்கினேன். சாயங்காலம் எழுந்தால் பேச ஆள் இருக்காது. லீவில் ஊருக்குப் போனாலோ, தெருவில் கூடிப் பேசிக்கொண்டிருப்பவர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு, "வாங்க தம்பி" என்று கட்டிலை இழுத்துப் போடுவார்கள். கூட ஓடி விளையாடியவனே "வாங்க" என்பான். அந்தக் கட்டிலில் நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் தலைமை சிஸ்டர் கூப்பிட்டார். "மாசாமாசம் டூட்டி மாத்திப் போட இனிமே முடியாது தம்பி. ராத்திரின்னா வருஷம் பூரா ராத்திரி, பகல்னா பகல். நாளைக்குக் காலையில சொல்லிடு" என்றவர், "நீ என்ன சொல்லுவேன்னு தெரியும். வௌவால் கணக்கா வெளிச்சம்னாலே ஆகாதே உனக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சொல்லப்போகும் பதில் எனக்கும் தெரிந்ததுதான்.

அந்த வாரம் வார்டில் என் வயதுக்காரர் ஒருவர் இருந்தார். குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்தது. பக்கத்து ஊரில் என் அப்பாவின் மிராசுதாருடைய அறுப்பை மறித்தவர்களில் அவரும் ஒருவர், கொடி பிடித்து முன்னால் போனவர். அவருக்கு அடுத்த கட்டிலில், காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, அதே மிராசுதாரின் நிலங்களை மேற்பார்க்கும் காரியக்காரர்! வேறு கட்டில் காலியில்லை. கஞ்சி ஊற்றும்போதெல்லாம் கொடி பிடித்தவர் அவரைச் சீண்டுவார்.

"பாத்துக்குங்க காரியக்காரரே, ஒங்களுக்கும் ஒரு டம்ளர், எனக்கும் ஒரு டம்ளர். இங்க கூலி அளக்குற மரக்கால் ஒங்க கையில இல்ல."

"ஆபரேஷன் பண்ணவரு ஒன் வாயிலயும் நாலு தையல் போட்டிருக்கலாம்டா."

வார்டே சிரிக்கும். எனக்கு அந்த ஆள்மேல் பொறாமையாகக்கூட இருந்தது. எப்படி இவ்வளவு தைரியம் என்று.

மறுநாள் காலை, வார்டை ஒப்படைத்துவிட்டுச் சிஸ்டரிடம் பதில் சொல்லக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பார்வையாளர் நேரம் ஆகவில்லை. ஆனால் மிராசுதார் வந்துவிட்டார். அவரை வாசலில் யார் நிறுத்துவது? காரியக்காரரைப் பார்க்கத்தான் வந்தார். வேறு எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

கொடி பிடித்த நம்மாள் கட்டிலிலிருந்து இறங்கினார். கையில் சலைன் ஏறிக்கொண்டிருக்கிறது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, சிமெண்டுத் தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டார். குழாயில் ரத்தம் மேலேறியது. வேட்டியில் அடிவயிற்றுப் பக்கம் சிவப்பு படர்ந்தது. யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை.

ஓடிப் போய்த் தூக்க வேண்டியவன் நான். என் முதுகோ சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. நானும் ஒதுங்கி நின்றிருக்கிறேன், எனக்கே தெரியாமல்! அதை உணர்ந்ததும் சுவரை விட்டு விலகினேன். போய் அவருடைய இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தேன். "கட்டில விட்டு எறங்கக் கூடாது. யாரு வந்தாலும்" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

மிராசுதார் திரும்பினார். "ஒன்ன எங்கயோ பாத்த மாதிரி இருக்கே. நீ யாரு மவன்?"

அப்பா பெயரைச் சொன்னேன். எங்கள் தெருவையும் சொன்னேன்.

"அட, அவன் மவனா!" என்றார். அப்புறம் காரியக்காரரிடம் கால்வலி விசாரிக்கத் திரும்பிவிட்டார். அவ்வளவுதான். இத்தனை நாள் எதற்காக ஒளிந்திருந்தேனோ, அது ஒரு மூச்சு விடும் நேரத்தில் முடிந்துபோனது.

தரையில் குந்தியவருக்கு மறுபடி தையல் போட வேண்டியதாயிற்று. நான் அறைக்குப் போகவில்லை. மயக்கம் தெளிந்ததும் மெல்லக் கேட்டேன்: "அவரு முன்னாடியே கொடி புடிச்சவருதானே நீங்க? ஏங்க எறங்குனீங்க?"

"அங்க வரப்புல எல்லாரும் நின்னாங்க தம்பி. இங்க நான் ஒத்தையால்ல கெடந்தேன்" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் காரியக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

சிஸ்டரிடம் போய்ப் பகல் டூட்டி வேண்டும் என்றேன். என் முகத்தை ஒருமுறை பார்த்தார், காரணம் கேட்கவில்லை. இரவு டூட்டி என் சக நர்ஸுக்குப் போனது. பல நாள் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அறைக்குத் திரும்பினால் இப்போதும் நான் ஒருவன்தான். ஊரில் கட்டிலை இழுத்துப் போடுவதும் நிற்கவில்லை. ஆனாலும் பார்வையாளர் நேரம் தொடங்கினால், யாரும் பார்க்க வராத நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் என் கால்கள் தாமாகப் போய் நின்றுகொள்கின்றன. அப்படி நிற்கும்போது, அவருக்கு நான் துணையா, எனக்கு அவர் துணையா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.