மீனுமா சைவம்?

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்குள் இறால் வந்தது.

பதற வேண்டாம். சாப்பிட்டது நானில்லை. நாங்கள் பரம்பரைச் சைவம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குள் வந்தால் கருவாட்டுக்காரர்கூடக் கூவாமல் சைக்கிளை மிதித்துப் போய்விடுவார்.

எல்லாம் என் ஆசையால் வந்த வினை. ஆபீஸில் ஒரு நண்பர் தங்க மீன் வளர்க்கிறார். நாம் ஒரு படி மேலே போக வேண்டாமா? கடல் மீன்! கேபிள் டி.வி. இழுத்த கையோடு, ஹாலில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டியும் வைத்தேன். உவரிக்குப் போய் கேன் கேனாகக் கடல் தண்ணீர் பிடித்து வந்தேன். "கடலையே வீட்டுக்குக் கொண்டு போறியளா, சார்வாள்?" என்றார் பஸ் கண்டக்டர். உப்பின் அளவு பார்க்க என்ன கருவி தெரியுமா? பால்காரரைச் சந்தேகப்பட்டு எப்போதோ வாங்கிய லாக்டோமீட்டர். நன்றாகவே வேலை செய்கிறது...

மீனைத் தந்தவர் உவரியில் வலை போடும் மிக்கேல். உள்ளங்கை அகலம், மஞ்சள் உடம்பு, கண்ணுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. என் மனைவி கோமதி பார்த்ததுமே சொக்கிப்போனாள்.

சாப்பாடு? அங்கேதான் எங்கள் மூளை வேலை செய்தது. எதிர் வீட்டு நாய் தயிர்ச்சாதம் தின்றே கொழுத்துக் கிடக்கிறது — மீன் மட்டும் பழகாதா? இட்லியை உதிர்த்துப் போட்டோம். வேகவைத்த பாசிப்பயறு போட்டோம். அகத்திக்கீரைகூடப் போட்டுப் பார்த்தோம். மீன் கிட்டே வரும், பார்க்கும், திரும்பிப் போய்விடும். ஆறு நாளில் வயிறு ஒட்டிவிட்டது.

மார்க்கெட்டுக்கு வந்த மிக்கேல் வீட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"இட்லியா? நல்லாருக்கு வே! நீரு சைவம்னா மீனுமா சைவம்? பச்சை எறாவைப் பொடிசா நறுக்கிப் போடும். இல்லன்னா ரெண்டு நாள்ல மெதந்துரும்."

கோமதி ஒரே வரியில் முடித்தாள். "எறா இந்த நடை ஏறுச்சுன்னா, நான் எறங்கிருவேன்."

நானும் ஆமாம் போட்டேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

மறுநாள் மீன் கல்லிடுக்கில் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது. கோமதி தட்டில் சோற்றைப் போட்டாள், தொட்டியைப் பார்த்தாள், அப்படியே மூடி வைத்துவிட்டாள். "நீங்க சாப்பிடுங்க, எனக்கு வேண்டாம்" என்றாள். நான் சாப்பிட்டேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு அது விரத நாள் வேறு! வாழ்நாளில் முதல் தடவையாக மீன் கடை முன்னால் நின்று, நாலே நாலு இறால் கேட்டு வாங்கி வந்தாள். கொல்லையில், துவைக்கிற கல்லில் வைத்து, முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பழைய பிளேடால் நறுக்கினாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

முதல் துண்டை மீன் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவதும் அடியில் போய் விழுந்தது. மூன்றாவது... லபக்!

"தின்னுட்டு! ஏங்க, தின்னுட்டு!" என்று கத்தினாள் கோமதி.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் நாக்கு சும்மா இருக்குமா?

"செவ்வாய்க்கிழமையும் அதுவுமா... பாவமில்லையா, கோமதி?"

கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"பாவமா? அது பாட்டுக்குக் கடல்ல திரிஞ்சதக் கொண்டாந்து பெட்டியில அடைச்சு, நம்ம விரதத்த அது தலையில கட்டுனோமே... அதுக்கு எந்தக் கோயில்ல போயி விழப் போறிய?"

நான் தொட்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டேன்.

மீன் இப்போது தேறி வருகிறது. நன்றாகத் தேறியதும் உவரிக் கடலில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்பது அவள் உத்தரவு.

இந்த வெள்ளிக்கிழமை எங்கள் தெரு மன்றத்தில் 'ஜீவகாருண்யம்' பற்றி நான் பேசுவதாக ஏற்பாடு. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்!